அரசு கலைக் கல்லூரியில் மூன்றாண்டு: பட்டம் எந்தெந்த இடத்தில் சிக்குகிறது?

அரசு கலைக் கல்லூரி என்றதும் 1840-இல் தொடங்கிய சென்னை மாநிலக் கல்லூரியும் 1854-இல் தொடங்கிய கும்பகோணம் அரசு கலைக் கல்லூரியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். பெரிய வளாகம், நிறையத் துறைகள், பழைய நூலகம். தாலுகா ஊர்களில் இருக்கும் அரசுக் கல்லூரி அப்படி இருக்காது. 2022-இல் மட்டும் 20 புதிய அரசு கலை அறிவியல் கல்லூரிகள் திறக்கப்பட்டன; 2025 மே மாதம் இன்னும் 11. பொதுவாக இவை நான்கைந்து பாடப்பிரிவுகளோடு தொடங்கும். சொந்தக் கட்டடம் எழும்பும்வரை ஏதாவது ஓர் அரசுப் பள்ளியின் ஒதுக்குப்புற வகுப்பறைகளில் நடக்கும். பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரிகளாக இருந்து பின்னர் அரசுக் கல்லூரிகளாக மாறியவையும் ஏறக்குறைய இந்த அளவுதான்: பி.ஏ. தமிழ், பி.ஏ. ஆங்கிலம், பி.காம்., பி.எஸ்சி. கணிதம், பி.எஸ்சி. கணினி அறிவியல், கூட ஒன்றிரண்டு.

இங்கே படிக்க வருபவர்களில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பேருந்து ஏறி வருகிறவர்கள். வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குள் கால் வைப்பவர்கள் ஏராளம். தனியார் கல்லூரிக் கட்டணம் கட்ட வழியில்லாத வீட்டுக்கும், பெண் பிள்ளையை வெளியூர் விடுதியில் விடத் தயங்கும் வீட்டுக்கும் இந்தக் கல்லூரி இல்லையென்றால் பட்டப்படிப்பே இல்லை. அதனால் இங்கே சேர்ந்த ஒருவர் பட்டம் வாங்காமல் நின்றுவிடுவது சாதாரண இழப்பல்ல. அப்படி நின்றவர்கள் எங்கே தடுக்கினார்கள் என்று பார்த்தால், பாடம் புரியாமல் போனது பல காரணங்களில் ஒன்றுதான். வருகைப்பதிவு, வங்கிக் கணக்கு, தேர்வு விண்ணப்பம், கவனிக்காமல் விட்ட ஒரு கிரெடிட் (பாடத்தை முடித்ததற்குக் கிடைக்கும் மதிப்பலகு) என்று சில இடங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. வீட்டில் இதையெல்லாம் சொல்லித்தர ஆளில்லை. கல்லூரியில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள்.

சேர்க்கை: மே முதல் ஆகஸ்ட் வரை

பிளஸ் டூ முடிவு வந்ததும் மே மாதத்தில் இணைய விண்ணப்பம் திறக்கும். மாநிலம் முழுவதற்கும் டி.என்.காசா என்ற ஒரே தளம். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் அந்த 2 ரூபாய் மட்டும். பிரவுசிங் சென்டரில் காசு கொடுத்து நிரப்புவதைவிட அரசுக் கல்லூரிகளில் நடக்கும் உதவி மையத்துக்குப் போவது மேல். எந்தப் பிரிவு தமிழ்வழி, எது ஆங்கிலவழி, எது முதல் ஷிப்ட், எது இரண்டாம் ஷிப்ட் என்பது அங்கே இருப்பவருக்குத் தெரியும். பிரவுசிங் சென்டரில் நடக்கும் வழக்கமான தவறு, ஓ.டி.பி. உடனே வரட்டும் என்று கடைக்காரர் தன் எண்ணைப் போட்டுவிடுவது. பிறகு கலந்தாய்வுத் தேதி அவருடைய கைபேசிக்குத்தான் போகும். மாணவரிடமோ பெற்றோரிடமோ நிரந்தரமாக இருக்கப்போகும் எண்ணைத்தான் கொடுக்க வேண்டும்; உதவித்தொகைக்கும் கடைசிவரை அதையே கேட்பார்கள்.

தரவரிசைக் கணக்கு பலருக்குப் புரிவதில்லை. பெரும்பாலான பாடப்பிரிவுகளுக்கு இரண்டு மொழிப்பாடங்களையும் விட்டுவிட்டு மற்ற நான்கு பாடங்களை 400-க்குக் கூட்டுவார்கள். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண். எனவே 600-க்கு 430 வாங்கியவரைவிட 420 வாங்கியவர் பி.காம். பட்டியலில் முன்னால் நிற்கலாம். முதலில் மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரர் பிள்ளைகள், தேசிய மாணவர் படை ஆகியோருக்கான சிறப்பு ஒதுக்கீட்டுக் கலந்தாய்வு. அதன்பின் பொதுக் கலந்தாய்வு: பொதுப்பிரிவு 31, பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியலினத்தவர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1 விழுக்காடு. பொறியியல் போல் இணையத்தில் இடம் தேர்வு செய்வது இங்கே கிடையாது. விண்ணப்பித்த கல்லூரிக்கே நேரில் போய், பெயர் கூப்பிடும்போது எதிரில் நிற்க வேண்டும். பத்து நிமிடம் தாமதமானாலும் அடுத்த பெயர் போய்விடும்.

முதல் கட்டத்தில் இடம் கிடைக்காதவர்கள் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். விட வேண்டியதில்லை. பொறியியல், செவிலியர், பாலிடெக்னிக் சேர்க்கை நடக்க நடக்க இங்கே சேர்ந்தவர்களில் சிலர் டி.சி. வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். ஜூலையிலும் ஆகஸ்டிலும் காலியிடம் வரும், சில ஆண்டுகளில் இடங்களைக் கூட்டியும் அரசு ஆணை வரும். கல்லூரி அலுவலக அறிவிப்புப் பலகையை வாரம் ஒருமுறை பார்த்தவருக்கு அந்த இடம் கிடைக்கும்.

கலந்தாய்வுக்குப் போகும்போது 10, 11, 12-ஆம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாவற்றின் அசலும் வேண்டும். ஒவ்வொன்றிலும் ஐந்து நகல், பத்து பாஸ்போர்ட் அளவுப் படம். அசல்களைக் கல்லூரியில் ஒப்படைக்கும் முன் எல்லாவற்றையும் தெளிவாக ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். உதவித்தொகை விண்ணப்பம் வரும்போது அசல் கல்லூரி அலமாரியில் இருக்கும், கையில் மங்கலான நகல் மட்டும் இருக்கும் நிலை ஆண்டுதோறும் பலருக்கு வருகிறது.

இளநிலைப் படிப்புக்குக் கற்பிப்புக் கட்டணம் இல்லை. சிறப்புக் கட்டணம், பல்கலைக்கழகப் பதிவு, தேர்வுக் கட்டணம், அறிவியல் என்றால் ஆய்வகக் கட்டணம், கூட பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு ஒரு தொகை. எதற்கு எவ்வளவு என்று ரசீது கேட்டு வாங்குவது மாணவரின் உரிமை. உதவித்தொகைக்கும் அந்த ரசீது பயன்படும்.

மாதம் ஆயிரம் ரூபாய் வந்து சேரும் வழி

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கியது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-ஆம் தேதி வந்தது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இப்போது உண்டு. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதற்குத் தடையில்லை. ஒரு கிராமத்து மாணவருக்கு இந்த ஆயிரம் ரூபாய்தான் நோட்டு, டீ, ரீசார்ஜ், தேர்வுக் கட்டணம். அது வராமல் போனால் அந்த மாதம் இரண்டு மூன்று நாள் கூடுதலாக வேலைக்குப் போக வேண்டிவரும், அந்த நாட்கள் வருகைப்பதிவில் குறையும். ஒன்றோடு ஒன்று பின்னிக்கிடக்கும் விஷயம் இது.

பணம் வராததற்குக் காரணம் பெரும்பாலும் வங்கிக் கணக்கில் இருக்கும். கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பது ஒன்று, அரசு அனுப்பும் பணம் எந்தக் கணக்கில் விழ வேண்டும் என்று ஆதாரோடு பதிவாகியிருப்பது வேறொன்று. முதலாவதை எல்லாரும் செய்துவிடுகிறார்கள். இரண்டாவது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு வங்கிக்குத்தான் இருக்கும். பள்ளியில் படித்தபோது உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கிலேயே அந்தப் பதிவு நின்றிருந்தால், கல்லூரியில் புதுக் கணக்கு எண்ணைக் கொடுத்தும் பணம் பழைய கணக்குக்குப் போகும். அந்தக் கணக்கை ஓராண்டு இரண்டாண்டு தொடாமல் விட்டு அது முடங்கியிருந்தால் பணம் திரும்பிவிடும். மை ஆதார் தளத்தில் நுழைந்து வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். வேண்டிய வங்கிக் கிளைக்குப் போய், மானியம் இந்தக் கணக்குக்கு வர வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ‘ஆதார் லிங்க் பண்ணியாச்சு’ என்ற பதிலோடு திரும்பிவிடக் கூடாது. நான்கைந்து நாள் கழித்துத் தளத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

அடுத்தது பெயரும் இன்ஷியலும். மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, வங்கியில் அப்பா பெயர் முழுதாக. விண்ணப்பம் கல்லூரியின் பொறுப்பாசிரியர் மூலம் யூமிஸ் என்ற கல்லூரி மாணவர் விவரத் தளத்தில் ஏறும்போது, பள்ளி மாணவர் விவரத் தளமான எமிஸில் உள்ள எண்ணோடு ஒத்துப்பார்க்கும். 6 முதல் 12 வரை எந்த ஆண்டு எந்தப் பள்ளி என்பதை அங்கிருந்தே எடுக்கும். இடையில் பள்ளி மாறியவர்களுக்கு ஓராண்டு விடுபட்டிருந்தால் பழைய பள்ளித் தலைமையாசிரியரிடம் போய்த்தான் சரிசெய்ய முடியும். சேர்ந்த முதல் மாதத்தில் இதைப் பார்த்துவிடுவது நல்லது.

பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். இ-சேவை மையத்தில் கட்டணம் 60 ரூபாய், விஏஓ, ஆர்.ஐ. பார்த்து வர நாளாகும். ஜூன் மாதமே போட்டுவிட்டால் பதற்றமில்லை. அரசு நல விடுதி வேண்டுபவர்களும் அதே நேரத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2025 ஜூலையில் இவற்றுக்குச் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். கல்லூரி மாணவர் ஒருவருக்கு மாத உணவுச் செலவாக அரசு ஒதுக்கும் தொகை 2023-இல் 1,500 ரூபாய் ஆனது. மூன்று வேளைக்கு ஒரு நாளைக்கு 50 ரூபாய் என்பது இன்றைய விலைவாசியில் போதவே போதாது, இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

டே ஆர்டரும் 75 விழுக்காடும்

கால அட்டவணை கிழமைக் கணக்கில் ஓடாது. டே ஆர்டர் ஒன்று முதல் ஆறு வரை, நாளைக்கு ஐந்து மணி வகுப்பு, ஆக ஒரு சுற்றுக்கு முப்பது மணி. திங்கட்கிழமை விடுமுறை வந்தால் அன்றைய டே ஆர்டர் செவ்வாய்க்குத் தள்ளிப்போகும். பகுதிநேர வேலை பார்ப்பவர் ‘வியாழக்கிழமை மேஜர் (முதன்மைப் பாட) வகுப்பு இல்லை’ என்று கணக்குப் போட்டால் இரண்டு வாரத்தில் அது தப்பாகிவிடும். இட நெருக்கடி உள்ள கல்லூரிகளில் காலை ஒரு ஷிப்ட், மதியம் ஒரு ஷிப்ட். முதல் ஷிப்ட் மாணவர் மதியத்துக்குமேல் துணிக்கடை, மொபைல் கடை, பெட்ரோல் பங்க் என்று போவார். இரண்டாம் ஷிப்ட் மாணவருக்குக் காலை நேரம் கிடைக்கும், ஆனால் சாயங்காலம் கல்லூரி விட்டபின் ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்து கவலை. பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போதே ஊர்ப் பேருந்து நேரத்தையும் பார்க்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. பிடித்த பாடம் கிடைத்தும் கடைசிப் பேருந்து கிடைக்காமல் நின்றவர்கள், குறிப்பாகப் பெண்கள், உண்டு.

அரசுக் கல்லூரி மாணவருக்குப் பேருந்துப் பயண அட்டை இலவசம். 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணமே இல்லை. ஆனால் அட்டை அச்சாகி வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை கல்லூரி அடையாள அட்டையைக் காட்டிப் பயணம் செய்யலாம் என்று போக்குவரத்துத் துறை ஆண்டுதோறும் அறிவிக்கிறது. அட்டையில் குறித்த தடத்துக்கு மட்டும்தான் அது செல்லும்.

இனி வருகைப்பதிவு. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் 75 விழுக்காடு இருந்தால் தேர்வு எழுதலாம். 65-க்கும் 75-க்கும் இடையில் என்றால் அபராதக் கட்டணமும் மருத்துவச் சான்றும் கொடுத்து முதல்வர் பரிந்துரையோடு எழுதலாம். அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வு இல்லை. 50-க்குக் கீழே என்றால் அந்தப் பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டும். ஒரு பருவத்துக்கு 90 வேலைநாள். 75 விழுக்காட்டுக்கு 68 நாள் வர வேண்டும், ஆக 22 நாள் விடலாம். கேட்க நிறையத் தோன்றும். ஐந்து நாள் வாரமாக எடுத்தால் 90 நாள் என்பது 18 வாரம். வாரம் ஒரு நாள் வேலைக்குப் போனால் 18 நாள் போயிற்று. மீதி நான்கே நாளில் காய்ச்சல், ஊர்த் திருவிழா, சொந்தக்காரர் கல்யாணம் எல்லாம் அடங்க வேண்டும். ஆவணி, தை மாத முகூர்த்த நாட்களில் கேட்டரிங் வேலைக்குப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

இதைவிட மோசம், தெரியாமல் போகும் அரை நாட்கள். முதல் மணியில் இல்லையென்றால் பல கல்லூரிகளில் அரை நாள் விடுப்பு. பேருந்து கால் மணி நேரம் தாமதமாக வருவது வாரம் இருமுறை என்றால், பதினெட்டு வாரத்தில் 36 அரை நாள், அதாவது 18 முழு நாள். மாணவர் தினமும் கல்லூரிக்கு வந்திருப்பார், பட்டியலில் 80 விழுக்காட்டில் தொங்கிக்கொண்டிருப்பார். இதற்குச் செய்ய வேண்டியது, பருவத் தொடக்கத்திலேயே துறைத்தலைவரிடம் பேருந்து நேரத்தைச் சொல்லி எழுதிக் கொடுப்பது. ஒரே தடத்தில் வரும் மாணவர்கள் சேர்ந்து கையெழுத்திட்டுக் கொடுத்தால், முதல்வர் வழியாகப் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்குக் கடிதம் போகும். பேருந்து நேரம் மாறுவதும் உண்டு.

75-க்கு 30

ஒவ்வொரு தாளுக்கும் அகமதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75 என்பது பரவலான முறை. தேர்ச்சிக்கு 100-க்கு 40; அதோடு 75-க்குக் குறைந்தது 30 தனியே எடுக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையை முதலாண்டு மாணவர் பலர் அறிவதில்லை. இன்டர்னலில் 24 வாங்கி, தேர்வில் 28 எடுத்தால் மொத்தம் 52. ஆனாலும் அரியர்தான்.

வழக்கமான வினாத்தாள்: பகுதி அ-வில் பத்து இரண்டு மதிப்பெண் வினாக்கள், பகுதி ஆ-வில் ஐந்து ஐந்து மதிப்பெண் வினாக்கள், பகுதி இ-யில் மூன்று பத்து மதிப்பெண் வினாக்கள். 20, 25, 30. திணறும் மாணவர் செய்யும் தவறு, இரண்டு மதிப்பெண் வினாக்களுக்கே ஒரு மணி நேரம் செலவழித்துவிட்டுக் கட்டுரை வினாக்களை விட்டுவிடுவது. பகுதி இ-யை விட்டால் மீதி 45-இல் 30 எடுக்க வேண்டும், அதாவது மூன்றில் இரண்டு பங்கு. நன்றாகப் படிப்பவருக்கே அது சிரமம். மாறாக, அ-வில் பாதியான 10, ஆ-வில் பாதியான 12, இ-யில் கேள்விக்கு மூன்று வீதம் 9 என்றால் 31, தேர்ச்சி. பத்து மதிப்பெண் வினாவுக்கு முன்னுரை, நான்கு உட்தலைப்பு, தலைப்புக்கு இரண்டு மூன்று வரி எழுதினாலே மூன்று மதிப்பெண் கிடைக்கும். 180 நிமிடத்தில் அ-வுக்கு 30, ஆ-வுக்கு 60, இ-க்கு 75 என்று ஒதுக்கினால் கடைசியில் கால் மணி நேரம் மிஞ்சும்.

பாடத்திட்டம் ஐந்து அலகு. வினாக்கள் ஒவ்வோர் அலகிலிருந்தும் சமமாக வரும்: அ-வில் அலகுக்கு இரண்டு, ஆ-வில் அலகுக்கு ஒன்று ‘அல்லது’ போட்டு, இ-யில் ஐந்தில் மூன்று எழுதினால் போதும். ஐந்தாம் அலகு நடத்தாமல் போனால் 4-உம் 5-உம் சேர்ந்து 9 மதிப்பெண் போகும், இ-யில் தப்பிக்கலாம். நான்கு, ஐந்து இரண்டும் போனால் 18 மதிப்பெண் இழப்பு, இ-யில் தேர்ந்தெடுக்கும் வசதியும் போய்விடும். கடைசி அலகு ஏன் அடிக்கடி நடத்தாமல் போகிறது என்பதற்குக் காரணம் கல்லூரியின் அமைப்பில் இருக்கிறது. சிறு கல்லூரிகளில் வகுப்புகளின் பெரும்பகுதியைச் சுமப்பவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். அண்மை ஆண்டுகளில் அவர்களுடைய ஊதியம் மாதம் 25,000 ரூபாய், அதுவும் பதினொரு மாதத்துக்கு. வருகைதரு ஆசிரியருக்கு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2019-இலேயே வரையறுத்திருந்தது. ஆண்டு தொடக்கத்தில் இவர்களின் பணி நீட்டிப்பு ஆணை தாமதமானாலோ, நடுவில் ஒருவர் வேறு வேலை கிடைத்துப் போனாலோ அந்தத் தாள் சில வாரம் ஆளில்லாமல் கிடக்கும். பிடிப்பில்லாத ஊதியத்தில் இருந்துகொண்டும் சனிக்கிழமை வந்து வகுப்பெடுத்து அலகை முடிக்கும் விரிவுரையாளர்களால்தான் இந்தக் கல்லூரிகள் ஓடுகின்றன. மாணவர் செய்யக்கூடியது: பருவத்தின் முதல் வாரமே பாடத்திட்டத்தைப் பதிவிறக்கி, முந்தைய நான்கு தேர்வு வினாத்தாள்களைச் சேர்த்து, கடைசி அலகை இரண்டாம் மாதத்திலேயே தாமாகத் தொடங்குவது.

அரியர் அதிகம் விழும் இடம் பெரும்பாலும் மேஜர் அல்ல. பகுதி இரண்டு ஆங்கிலமும், அலைடு கணிதம், புள்ளியியல் போன்ற துணைப்பாடங்களும்தான். மேஜரில் கெட்டிக்காரராக இருந்தும் இங்கே சறுக்குவது புதிதல்ல. 1904-இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த ராமானுஜன், கணிதத்தில் மூழ்கி மற்ற பாடங்களில் தவறியதால் அந்த உதவித்தொகையை இழந்தார். மொழிப்பாடத் தாளில் ‘செய்யுள் பகுதி’, ‘உரைநடைப் பகுதி’ வினாக்கள் ஆண்டுக்காண்டு சுழலும்; பத்துப் பதினைந்து விடைகளைச் சொந்த வாக்கியத்தில் எழுதிப் பழகினாலே 30 தாண்டலாம். நோட்ஸை மனப்பாடம் செய்பவர் நடுவில் ஒரு வரி மறந்தால் முழு விடையும் நின்றுவிடும், சொந்த வாக்கியம் எழுதுபவருக்கு அந்த ஆபத்து இல்லை.

அரியர் விழுந்தால் அது தானாக அடுத்த தேர்வில் வந்துவிடாது. ஒவ்வொரு முறையும் அரியர் தாளுக்கும் சேர்த்து விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். ஹால் டிக்கெட் வந்ததும் தாள் குறியீட்டை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். ஓர் எழுத்து மாறியிருந்தால் பழைய பாடத்திட்டத் தாள் கைக்கு வரும். மறுமதிப்பீட்டுக்கு முடிவு வந்தபின் கிடைப்பது சில நாட்கள்தான். 26, 27 என்று நின்றவர்கள் முதலில் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்து, கூட்டல் பிழையோ திருத்தாமல் விட்ட விடையோ இருந்தால் மறுமதிப்பீடு கேட்கலாம். ஐந்தாம் பருவத்தில் ஐந்து அரியர் சேர்ந்துவிட்டால் ஒரே மாதத்தில் பத்துப் பன்னிரண்டு தேர்வு. காலையில் ஒன்று, மதியம் ஒன்று. அந்த நிலையில் எல்லாவற்றையும் எழுதி எல்லாவற்றிலும் 25 வாங்குவதைவிட, நடப்புத் தாள்களோடு எளிதான மூன்று அரியரை மட்டும் எடுத்து முடிப்பது பலன் தரும்.

அறிவியல் மாணவருக்கு ஆய்வகம் தனிக் கணக்கு. வேதியியலில் பருமனறி பகுப்பாய்வை எடுத்துக்கொள்வோம். ஆக்சாலிக் அமிலத்தைப் பிப்பெட்டில் 20 மில்லி எடுத்து, நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60 முதல் 70 டிகிரிக்குச் சூடாக்கி, பியூரெட்டிலிருந்து பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதல் சில சொட்டுகளின் நிறம் மெதுவாகத்தான் மறையும். அவசரப்பட்டு வேகமாக விட்டால் பழுப்பாகக் கலங்கி அந்த முறை வீணாகும். சூடு போதாமலிருந்தாலும், அமிலம் குறைந்தாலும் அதே பழுப்புத்தான். கரைசல் கருஞ்சிவப்பாக இருப்பதால் பியூரெட்டில் கீழ் வளைவு தெரியாது, மேல் விளிம்பையே அளவாகக் கொள்ள வேண்டும். கூம்புக் குடுவையைக் கழுவியபின் அமிலக் கரைசலாலேயே அலசுவது அடிக்கடி நடக்கும் தவறு; 20 மில்லிக்குமேல் அமிலம் உள்ளே போய்விடும். குடுவையைத் தண்ணீரால் மட்டும்தான் அலச வேண்டும். சிறு கல்லூரியில் ஒரே ஆய்வகத்தை இரண்டு ஷிப்ட்டும் பகிர்ந்துகொள்வதால், ஒரு சோதனையைத் திரும்பச் செய்ய இரண்டாவது வாய்ப்பு கிடைப்பது அரிது. ஆகவே அன்றைய அளவீட்டை அன்றே ரெக்கார்ட் நோட்டில் ஏற்றிக் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்தில்லாத ரெக்கார்டோடு செய்முறைத் தேர்வுக்குள் விடமாட்டார்கள்.

கண்ணில் படாத கிரெடிட்

பட்டத்துக்குப் பொதுவாக 140 கிரெடிட். பகுதி ஒன்று தமிழ், இரண்டு ஆங்கிலம், மூன்று மேஜரும் துணைப்பாடமும். இவற்றை எல்லாரும் கவனிப்பார்கள். பகுதி நான்கில் சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, பிறதுறைப் பாடம், திறன் பாடங்கள். பகுதி ஐந்தில் விரிவாக்கப் பணிக்கு ஒரு கிரெடிட்: நாட்டு நலப்பணித் திட்டம், தேசிய மாணவர் படை, செஞ்சிலுவைச் சங்கம், விளையாட்டு என்று ஏதாவது ஒன்றில் பெயர் இருக்க வேண்டும். மேஜர் எல்லாம் முடித்தும் சுற்றுச்சூழல் கல்வித் தாளை எழுதாமல் விட்டதால் பட்டம் நிற்கும். 2022 மார்ச் 1-ஆம் தேதி தொடங்கிய, அரசின் திறன் பயிற்சித் திட்டமான நான் முதல்வன் திட்டத்தின் பாடமும் இப்போது கிரெடிட்டோடு வருகிறது. அதன் தளத்தில் பதிவு செய்து மதிப்பீட்டை முடிக்காதவருக்கு மதிப்பெண் ஏறாது, அரியர் என்றே காட்டும். நான்காம் பருவம் முடிந்ததும் எல்லா மதிப்பெண் பட்டியலையும் வைத்துக் கிரெடிட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டால், விட்டதைப் பிடிக்க இரண்டு பருவம் மீதி இருக்கும்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேர்ந்தால் இரண்டாண்டில் 240 மணி நேரப் பணியும் ஏழு நாள் சிறப்பு முகாமும். வெறும் கிரெடிட்டுக்காகச் சேர்ந்தாலும், முகாமில் மேடையேறி நன்றியுரை சொல்லிப் பழகியவர் பின்னாளில் நேர்முகத் தேர்வில் தயங்குவதில்லை. தேசிய மாணவர் படையின் ‘சி’ சான்றிதழ் ராணுவத்தில் சிறப்பு நுழைவுக்கு வழி செய்யும்.

தமிழ்வழியா ஆங்கிலவழியா என்பதைச் சேரும்போதே யோசித்து முடிவெடுக்க வேண்டும். 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாடு அரசுப் பணியில் தமிழ்வழியில் பயின்றவர்களுக்கு 20 விழுக்காடு முன்னுரிமை. 2020-இல் வந்த திருத்தத்துக்குப் பின் பட்டத் தகுதிப் பணிகளுக்குப் பட்டம் மட்டும் தமிழ்வழியில் இருந்தால் போதாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு நிலைக்கும் சான்று கேட்கிறார்கள். பள்ளி முழுக்கத் தமிழ்வழியில் படித்தவர் பி.காம். ஆங்கிலவழியில் சேர்ந்தால் குரூப் 2-க்கான இந்த உரிமை போய்விடும். தேர்வைத் தமிழில் எழுதியது கணக்கில் வராது, பயிற்றுமொழிதான் கணக்கு. அதேநேரம் நடுவில் ஆங்கிலவழிப் பள்ளியில் படித்தவருக்கு இந்த முன்னுரிமை எப்படியும் இல்லை. அவர் அதற்காகத் தமிழ்வழிப் பிரிவைத் தேட வேண்டியதில்லை. தனியார் வேலைக்கும் வெளிமாநில முதுகலைக்கும் ஆங்கிலவழி உதவும். எதை நோக்கிப் படிக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

முதல் பருவ மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்ததும் பெயர், இன்ஷியல், பிறந்த தேதி மூன்றையும் பிளஸ் டூ பட்டியலோடு எழுத்தெழுத்தாக ஒத்துப்பார்க்க வேண்டும். அப்போது பிழை கண்டால் கல்லூரி மூலம் ஒரு கடிதத்தோடு திருத்திவிடலாம். ஆறு பட்டியலும் பட்டச் சான்றிதழும் பிழையோடு அச்சாகிவிட்டால் எல்லாவற்றையும் பல்கலைக்கழகத்தில் ஒப்படைத்து, கட்டணம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும்.

கடைசிப் பருவத் தேர்வு முடியும் வாரத்தில் நோ டியூ (பாக்கி இல்லை) படிவம் தருவார்கள். நூலகம், ஆய்வகம், விடுதி, துறை, அலுவலகம் என்று ஐந்தாறு கையெழுத்து. தொலைந்த நூலுக்கும் உடைந்த பிப்பெட்டுக்கும் பணம் கட்ட வேண்டும், அதனால் முன்கூட்டிக் கேட்டு வைத்துக்கொள்ளலாம். முதுகலை விண்ணப்பம் முடிவு வருமுன்பே திறந்துவிடும். ஐந்து பருவ மதிப்பெண்ணை வைத்துப் போடலாம். டி.சி. வாங்கும்போதே தமிழ்வழிச் சான்றிதழையும் உரிய படிவத்தில் முதல்வர் கையெழுத்தோடு வாங்கிவிட வேண்டும். தேர்வாணைய விளம்பரம் வந்தபின் அதற்காக ஊரிலிருந்து வந்து நிற்கும்போது, முதல்வர் பணியிடம் காலியாகவோ பொறுப்பு முதல்வர் வேறு ஊரிலோ இருந்தால் விண்ணப்பத்தின் கடைசித் தேதி கடந்துவிடும்.